கியர் இல்லாத சைக்கிளில் புளியரை ஏற்றம்: தாயில்பட்டி பொன்ராஜோடு போனது

போன பதிவில் என் சைக்கிளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் மலை ஏற முடியுமா? செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாக ஆரியங்காவு வரை மிதித்தே போக முடியுமா?

முடியும். நான் இரண்டு தடவை முயன்றிருக்கிறேன். இரண்டாம் தடவை காலைத் தரையில் ஊன்றாமல் ஏறினேன். நீங்கள் கேட்பது அந்தப் பயணத்தைப் பற்றித்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை முதல் பயணத்துக்கே போகிறது. அதையும் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தூரம், செலவு, பல்சக்கரக் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் கடைசிக்கு முந்தின பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

முதல் பயணம் 2008 தீபாவளி முடிந்த வாரத்தில். எங்களுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை. அந்த வாரம் சரக்கு வரத்து குறைவாக இருக்கும் என்பதால் தம்பியிடம் கடையை விட்டுவிட்டுக் கிளம்ப முடிந்தது. கூட வந்தவர் பொன்ராஜ். தாயில்பட்டிப் பக்கம் கொஞ்சம் கரிசல் நிலம் உள்ளவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வத்தல் எங்கள் கடைக்குத்தான் வரும். மழை பொய்த்து வத்தல் வருவது நின்றுபோன பிறகும் பொன்ராஜ் வருவது நிற்கவில்லை. வயது என்னைவிட இரண்டு குறைவு, முப்பத்தைந்து. பதினொரு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. மணிமருந்து அறையில் உட்கார்ந்து அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு எல்லாவற்றையும் சலித்துக் கலக்க வேண்டும். சாயங்காலம் அவரைப் பார்த்தால் காது மடலும் புருவமும் வெள்ளி பூசியது போலிருக்கும்.

நான் சைக்கிளில் ஆரியங்காவு போகப் போகிறேன் என்று கடையில் பேச்சுவாக்கில் சொன்னதும் அவர், "நானும் வாரேன் பாய்" என்றார்.

"நூத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதுக்கு மேல மலை. பஸ்ல போயி அக்காவைப் பாத்துட்டு வாங்க, எதுக்கு இந்தப் பாடு?"

"இல்ல பாய். சைக்கிள்லதான் வரணும்."

ஏன் என்று அப்போது சொல்லவில்லை. அவருடைய அக்கா பேச்சியம்மாள் ஆரியங்காவில் இருக்கிறார். அக்கா வீட்டுக்காரர் சுப்பையா அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், வந்தால் சேர்த்துவிடுகிறேன், குடியிருக்க லைன் வீடும் உண்டு என்று சொல்லியிருந்தார். இது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

எங்களிடம் இருந்தது இரண்டும் பழைய கறுப்பு சைக்கிள். என்னுடையதில் பின்னால் பதினெட்டுப் பல். அதை வைத்துக்கொண்டு மலையைத் தொடவே முடியாது. திருத்தங்கலில் பஸ் ஸ்டாப்புக்கு அருகே ஒரு சைக்கிள் கடையில் இரண்டு வண்டிக்கும் இருபத்திரண்டு பல் ப்ரீவீல் போட்டு, செயினில் கண்ணி கூட்டி, புது பிரேக் கட்டை மாட்டச் சொன்னேன். ஒரு வண்டிக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபாய் ஆனது. கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே, "சமதரையில காத்துல மிதிக்கிற மாதிரி இருக்கும், வேகம் வராது. பரவால்லியா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். ஏற்றத்துக்காகச் சமதரையில் கொஞ்சம் இழக்க வேண்டியதுதான்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகத் திருத்தங்கல், சிவகாசி. இருபத்தைந்து கி.மீ. சொச்சம். அந்த வாரத்தில் போனால் இந்த வட்டாரத்தை வேறு மாதிரி பார்க்கலாம். பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். சுற்றிச் சுவர் எழுப்பி, ஒரு ஷெட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி விட்டுக் கட்டிய கட்டடங்களின் நடுவே வேப்ப மரங்கள் மட்டும் நிற்கும். ஆனால் திருத்தங்கலில் அச்சகங்களுக்குத் தூக்கமே கிடையாது. பட்டாசு முடிந்தால் காலண்டர் சீசன். லோடு ஏற்றிய வண்டிகள் இடிக்கிற மாதிரி வரும், ஓரமாகவே போங்கள்.

சிவகாசியைத் தாண்டித் தாயில்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று இரவு பொன்ராஜ் வீட்டில் தங்கல். அவர் வண்டிக்குக் காற்றடிக்கப் போன நேரத்தில் அவருடைய மனைவி முத்துலட்சுமி தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, ஆறு மாசமா இருமல். சிவகாசியில டாக்டரு நெஞ்சைப் படம் எடுங்கன்னு சொல்லி அனுப்பிச்சாக. போகவே மாட்டேங்காக. நீங்களாச்சும் சொல்லுங்க."

"எதனால போகமாட்டேங்கறாரு?"

"படத்துல என்னமும் இருந்துச்சுன்னா தோட்டத்துல எடுக்க மாட்டாகளாம். பக்கத்துக் கம்பெனியில வெடிச்சப்ப ஓடுகூட எங்க வாசல்ல வந்து விழுந்துச்சு அண்ணே. அன்னைலருந்து நாந்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன், எங்கயாச்சும் போயிருவம்னு. அந்த மலைக்குப் போயிட்டாப் போதும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் உள்ளே உட்கார்ந்து, மலையில் பள்ளிக்கூடம் எந்தப் பாஷையில் நடக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். வெம்பக்கோட்டை, ஆலங்குளம் வழியாக ராஜபாளையம். முப்பது, முப்பத்தைந்து கி.மீ. இருக்கும். மேடு பள்ளம் பெரிதாக இல்லை. எதிர்க்காற்றுதான் எதிரி. பொன்ராஜ் என்னைவிட முன்னால் போனார். பின்னால் துணி மூட்டை, அக்காவுக்கு ஒரு பை சேவும் கருப்பட்டி மிட்டாயும். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "என்ன பாய், இம்புட்டுத்தானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, முத்துலட்சுமி பயந்தது அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள். அங்கிருந்து தென்காசி சாலை. சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும், வலது கைப் பக்கம் மலையும் கூடவே வரும். சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல சாலை நம் பக்கத்தில் இல்லை. நிழல் உண்டு, டீக்கடை உண்டு, பஞ்சர் கடை உண்டு. சிவகிரியைத் தாண்டியதும் பொன்ராஜ் பின்தங்க ஆரம்பித்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். டீக்கு நிறுத்தினால் கடைக்குப் பின்னால் போய் இருமிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார். "தூசி" என்பார்.

அன்று ராத்தங்கல் கடையநல்லூரில், என் பெரியம்மா மகள் வீட்டில். லாத்தா என்று கூப்பிடுவேன். லாத்தா இடியாப்பமும் கறியும் வைத்து, பொன்ராஜுக்கு மட்டும் தனியாக இஞ்சி தட்டிப்போட்ட காப்பியும் கொண்டுவந்து வைத்தார். யாரும் சொல்லவில்லை, இருமலைக் கேட்டே வைத்தார். சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்தபோதுதான் பொன்ராஜ் சொன்னார்.

"பாய், நாளைக்கு அந்த ஏத்தத்தை நான் இறங்காம மிதிக்கணும். மிதிச்சு ஏறிட்டேன்னா நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். பொறவு எதுக்குப் படம்? நேராப் போயி வேலைக்கு நின்னுருவேன்."

"ஏறலைன்னா?"

"ஏறிருவேன்."

சைக்கிளில்தான் வர வேண்டும் என்று அவர் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டேன், ஆனால் செய்ய மாட்டேன் என்கிற தலையாட்டு.

கடையநல்லூரிலிருந்து தென்காசி பதினேழு கி.மீ. அங்கிருந்து செங்கோட்டை எட்டு, புளியரை இன்னும் ஏழு. புளியரையில் இரண்டு பக்கமும் வயல், நேர் எதிரே மலை சுவர் மாதிரி. அடிவாரக் கடையில் டீ குடித்து, குப்பியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். மேலே கோட்டைவாசல் எல்லை வரை ஐந்து கி.மீ. ஏற்றம். கேட்க ஐந்துதான். ஆனால் எஸ் வளைவு என்று சொல்கிற இடத்தில் சாலை நம் தலைக்கு மேலேயே திரும்பிப் போவது தெரியும். அங்கே போகிற லாரியின் அடிப்பக்கத்தைக் கீழே நின்று பார்க்கலாம்.

பொன்ராஜ் மூட்டையைக் கழற்றி என் வண்டியில் கட்டச் சொன்னார். கட்டிக்கொண்டேன். அவர் கைலியை மடித்துக் கட்டி, குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு மிதித்தார்.

முதல் வளைவு வரை நன்றாகவே ஏறினார். எழுந்து நின்று, ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் சாய்த்துப் போட்டு மிதித்தார். கியர் இல்லாத வண்டியில் ஏற்றம் என்பது அப்படித்தான். மிதியை விட்டால் வண்டி நின்றுவிடும். நின்ற இடத்தில் மறுபடி ஏறி மிதிக்கவும் முடியாது. ஆமை வேகத்தில் போனாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் வளைவில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. நான் பத்தடி பின்னால் இருந்தேன். மாவு சலிக்கிற சத்தம் மாதிரி இருந்தது.

"பொன்ராஜ், இறங்குங்க. தள்ளிக்கிட்டுப் போவோம்."

கையை மட்டும் பின்னால் நீட்டி, வேண்டாம் என்று ஆட்டினார். அந்த ஒரு கையை எடுத்ததில் வண்டி தடுமாறியது. எஸ் வளைவின் நடுவில் மேலிருந்து ஒரு பஸ் வந்தது. ஓரம் ஒதுங்கினார், மிதி நின்றது, அப்படியே சைக்கிளோடு சாலையோரத் திட்டில் சாய்ந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் மூச்சு உள்ளே போகவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார், மீனைக் கரையில் போட்டது மாதிரி. உதடு கறுத்துவிட்டது. பிறகு இருமல் வந்தது. இருமி முடித்துத் துப்பியது சாம்பல் நிறத்தில் இருந்தது. அவரே மண்ணைத் தள்ளி மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை கீழ இருந்து பாக்கட்டுமா பாய்?" என்றார்.

நான் சாலையின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினேன். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று நின்றது. டிரைவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இறங்கி வந்து பொன்ராஜின் முகத்தைப் பார்த்தார்.

"எங்கன வேலை பாக்கீக?"

"சிவகாசி."

டிரைவர் உடனே இரண்டு சைக்கிளையும் வைக்கோல் கயிற்றில் செருகிக் கட்டினார். வண்டியை எடுத்த பிறகு, "எங்க மச்சானும் அங்கனதான் இருந்தாரு" என்றார். இருந்தாரு என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஆரியங்காவில் இறக்கிவிட்டபோது காசு வாங்கவில்லை.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடிவந்தார். லாரியிலிருந்து இறங்கியதைக் கண்டதும் முகம் மாறியது. "சைக்கிள்ல வாரேன்னு சொன்னியேடா" என்று மட்டும் கேட்டார். பொன்ராஜ், "சைக்கிள்லதான்க்கா வந்தோம், கடைசில கொஞ்சம் தூரம் லாரி" என்றார்.

அன்று மதியமே சுப்பையா தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வெடுத்து நாளைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். பொன்ராஜ் கேட்கவில்லை. நாளைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்றார். சூப்பர்வைசர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை. பொன்ராஜை உட்கார வைத்து, ஒரு ஆளுக்கு முந்நூறு மரம், விடிகிற நேரத்துக்குள் வெட்டி முடித்து, அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு பாலைச் சேர்க்க வேண்டும் என்று விவரம் சொன்னார். பிறகு சரிவில் மேலே இருந்த ஒரு வரிசையைக் காட்டி, "ஒரு காலி வாளியை எடுத்துட்டு அதுவரைக்கும் போயிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.

பொன்ராஜ் போனார். போகும்போது வேகமாகத்தான் போனார். திரும்பி வந்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக நிற்கப் பார்த்தார். சூப்பர்வைசர் அவரிடம் பெயர் கேட்டார். பொன்ராஜால் பெயரைச் சொல்ல முடியவில்லை. "பொ" என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.

சுப்பையா முந்திக்கொண்டு, "பொன்ராஜ் சார். சைக்கிள் மிதிச்ச அலுப்பு" என்றார்.

சூப்பர்வைசர், "சுப்பையா, முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை மீட்டர்கேஜ் ரயிலில் செங்கோட்டைக்கு இறங்கினோம். குகைக்குள் போகிறபோது பெட்டிக்குள் புகையும் இருட்டும் வந்தது. பொன்ராஜ் துண்டை மூக்கில் பொத்திக்கொண்டார். சைக்கிள்களை அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டோம். தென்காசியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது பொன்ராஜ் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய காரணம்தான் போய்விட்டதே. படம் எடுத்தார்கள். சளியைச் சோதனைக்கு வாங்கிக்கொண்டு, டி.பி.யா என்று நாளைக்குத் தெரியும் என்றார்கள். லாத்தா வீட்டுக்கே திரும்பினோம்.

அன்று சாயங்காலம் பொன்ராஜ் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"டி.பி.யா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன் பாய். எங்க ஊர்ல ஒருத்தருக்கு வந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு. எலும்பும் தோலுமாக் கிடந்தவரு, இப்ப மூட்டை தூக்குதாரு. ஆறு மாசம்தானே? கார்த்திகை, மார்கழி, தை..." என்று விரலை மடக்கினார். "வைகாசிக்குள்ள சரியாயிரும். மறுபடி வந்து அந்தாளு முன்னாடி ஏறிக் காட்டுவேன்."

நானும் அப்படியே வேண்டினேன். ஒரு மனிதனுக்கு டி.பி. இருக்க வேண்டும் என்று தொழுகையில் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "டி.பி. இல்லை" என்றார்.

பொன்ராஜ் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "இன்னொரு தடவை சோதிச்சுப் பாக்கலாமா சார்?" என்றார். டாக்டர் அதற்குச் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். படத்தை வெளிச்சத்தில் வைத்து மெதுவாகச் சொன்னார். தூள் உள்ளே போய்ப் போய் நுரையீரல் தடித்துவிட்டது. தடித்தது திரும்பாது. மூச்சு வாங்குவதற்கு மருந்து தரலாம். தூள் இருக்கிற பக்கமே போகக் கூடாது. போனால் இன்னும் மோசமாகும்.

"போகலைன்னா சரியாயிருமா சார்?"

"இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்."

தென்காசியிலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா விற்கிறவர் ஜன்னலோரம் வந்து நின்றார். பொன்ராஜ் பிள்ளைகளுக்கு என்று ஒரு பொட்டலம் வாங்கினார்.

வீட்டில் முத்துலட்சுமி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். பொன்ராஜ், "டி.பி. இல்லைன்னு சொல்லிட்டாக" என்றார்.

"அப்ப என்னன்னு சொன்னாக?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விட்டார். சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். தோட்டத்தில் நடந்ததையும் சொன்னேன். முத்துலட்சுமி அழவில்லை. கதவு நிலையில் கையை வைத்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"அங்கனயும் போக முடியாது. இங்கனயும் இருக்கக் கூடாது. அப்ப எங்கனதான் இருக்க அண்ணே?"

முத்துலட்சுமி அடுப்படிப் பக்கம் திரும்பினார். "சோறு வடிச்சுட்டேன், சாப்பிட்டுப் போங்க" என்று உள்ளே போனார்.

கம்பெனி திறந்ததும் பொன்ராஜ் மருந்து அறைக்குப் போகவில்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு இடத்தில் காகிதக் குழல் உருட்டப் போனார். எங்கள் கடையில் வந்து உட்காருங்கள் என்று நான் கூப்பிட்டேன். இரண்டு வாரம் வந்தார். வத்தல் கடையில் காலை வைத்தாலே தும்மல் வரும், அவருக்கு மூச்சே நின்றுவிடும் போலாயிற்று. அவராகவே, "வேண்டாம் பாய், உங்களுக்குத்தான் சங்கடம்" என்று நின்றுவிட்டார். சித்திரை பிறந்ததும் ஆர்டர் குவிந்தது. மருந்து கலக்கத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் பஞ்சம். பழைய கம்பெனி போர்மேன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். பொன்ராஜ் போய்விட்டார். இப்போது கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நான் போய்ச் சத்தம் போட்டேன். "குழல் உருட்டுனா நாலு பேரு சாப்பிட முடியல பாய். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்த வருடம் வைகாசியில், அக்கா வீட்டில் கிடந்த என் சைக்கிளை எடுத்துவருவதற்காக ராத்திரி பஸ்ஸில் ஆரியங்காவு போனேன். விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு புளியரைக்கு இறங்கி, திரும்ப ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலை ஆறரைக்கு அடிவாரத்தில் மிதிக்க ஆரம்பித்து, கோட்டைவாசலைத் தொட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. எங்கும் இறங்கவில்லை.

ஏற நினைப்பவர்களுக்கு: பின்பல் இருபத்திரண்டுக்குக் குறையக் கூடாது. சுமை வேண்டாம், ஒரு குப்பித் தண்ணீர் போதும், மேலே கோவில் பக்கம் கடைகள் உண்டு. விடிந்ததும் ஏறிவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் லாரிகள் வரிசை கட்டும். வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. வண்டி வராதபோது வெளிப்பக்கமாகவே ஏறுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் கோவில் வண்டிகள் நெரிக்கும், அந்த இரண்டு மாதமும் இந்தப் பக்கம் வராதீர்கள். ஆடியில் சாரல் அடித்துச் சாலை வழுக்கும். கம்பி பிரேக்கை நம்பி வேகமாக இறங்கக் கூடாது. விருதுநகரிலிருந்து போக வரச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம், தங்க இடம் இருந்தால். கூட யாராவது வந்தால், அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஏறுங்கள். பேச்சு நின்றுவிட்டால் நீங்கள் முதலில் இறங்கிவிடுங்கள்.

மேலே ஏறி நின்றபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பேச்சியம்மாள் வீட்டுக்குத் திரும்பினேன். டீ போட்டுக் கொடுத்தார்.

"தம்பி எப்படிய்யா இருக்கான்? போன் பண்ணா ரெண்டு வார்த்தைதான் பேசுதான்."

"வேலைக்குப் போறாரும்மா."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "வேலைக்குப் போறானா? அப்ப நல்லாத்தான் இருக்கான். நாந்தான் என்னென்னமோ நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளே போய், நல்ல பெரிய பலாப்பழம் ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிவந்து, என் சைக்கிள் கேரியரில் வைத்துச் சுப்பையாவைக் கட்டச் சொன்னார்.

"அவனுக்குப் பலான்னா உசுரு. மொத்தமும் அவனே திம்பான், நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

கோட்டைவாசல் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. இவ்வளவு பாரத்தோடு கம்பி பிரேக்கை நம்ப முடியாது என்று இறங்கிக்கொண்டேன். அது ஒரு காரணம்தான். சீக்கிரம் தாயில்பட்டி போய்ச் சேர எனக்கு மனம் வரவில்லை. ஏறும்போது ஒரு இடத்திலும் கால் ஊன்றாத அந்த ஐந்து கிலோமீட்டரையும், ஒரு கையால் பழத்தைப் பிடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினேன்.